ரொசாரியோவின் பங்காளிகள்

கேள்வி இது: அர்ஜென்டினாக் கால்பந்தில், தலைநகரத்து அணிகளான போகா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட் மோதலைவிட ரொசாரியோ நகரத்து மோதல்தான் கடுமையானது என்கிறார்களே, உண்மையா? ரொசாரியோ சென்ட்ரல் ரயில்வே தொழிலாளிகளின் கிளப், எதிரணியான நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ் வசதியான பள்ளிப் பிள்ளைகளின் கிளப், அதனால்தான் இந்தப் பகையா?

முதல் கேள்விக்கு, ஆமாம் என்பேன். இரண்டாவது கேள்வியில் பாதி மட்டுமே உண்மை. அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தப் பகையின் சுவையான பகுதி கைநழுவிப் போய்விடும். இது ஏழை பணக்காரர் சண்டையாகத் தொடங்கியதல்ல, பங்காளிச் சண்டை. இரண்டு கிளப்பும் ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் முளைத்தவை. ஒன்றின் சரித்திரத்தில் மிகப் பெரிய நாள்களைத் தேடிப் போனால் அது மற்றொன்றின் வீட்டு முற்றத்தில் போய் நிற்கும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ரொசாரியோ, பரானா ஆற்றின் கரையில், தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கும் துறைமுக நகரம். பாம்பாஸ் சமவெளியில் விளையும் கோதுமையும் சோளமும் கப்பலேறுவது இங்கேதான். 1863இல் இங்கிருந்து கோர்தொபா நகரம் வரை ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள், 1870இல் முடிந்தது. போட்டது சென்ட்ரல் அர்ஜென்டைன் ரயில்வே என்ற பிரிட்டிஷ் கம்பெனி. கம்பெனியோடு பொறியாளர்கள், எழுத்தர்கள், கொல்லர்கள், பெயின்டர்கள் என்று ஆங்கிலேயர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் வந்து இறங்கினார்கள். வடக்குப் பகுதியில் பெரிய பட்டறை எழுந்தது, அதைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பும் வளர்ந்தது.

அந்த ஊரில் ஒரு விளையாட்டுக் கிளப் ஏற்கெனவே இருந்தது. 1867இல் கிரிக்கெட் ஆடுவதற்காகத் தொடங்கிய ரொசாரியோ அத்லெடிக் கிளப். ஆனால் அது கனவான்களின் இடம். பட்டறையில் கரியும் எண்ணெயுமாக நின்று வேலை பார்த்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். 1889 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஆல்பெர்தி அவென்யூவில் ஒரு மதுக்கடையில் கூடி, 'சென்ட்ரல் அர்ஜென்டைன் ரயில்வே அத்லெடிக் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். கம்பெனியின் பெயரையே கிளப்பின் பெயராக்கச் சொன்னவர் தாமஸ் மட்டன். முதல் தலைவராக வந்தவர் காலின் கால்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆரம்ப காலத்தில் இவர்களுக்கு எதிராட ஆள் கிடைப்பதே அரிது. துறைமுகத்துக்கு வந்த பிரிட்டிஷ் கப்பலின் மாலுமிகளோடு ஆடினார்கள்.

ஆக, ஊரில் முதலில் உண்டான விரிசல் சென்ட்ரலுக்கும் நியூவெல்ஸுக்கும் இடையே அல்ல. ரயில்வேயின் மேல்தட்டுக்கும் பட்டறைக்கும் இடையே. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'தொழிலாளர் எதிர் கனவான்கள்' என்ற கதை பிறந்த இடம் இதுதான். பின்னாளில் நியூவெல்ஸ் எதிரியான பிறகு அந்தக் கதையை அப்படியே தூக்கி அவர்கள் மேல் வைத்துவிட்டார்கள்.

சென்ட்ரலுக்கும் ஒரு குறை இருந்தது. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம். 1903இல், மிகெல் கிரீன் என்பவர் கொண்டுவந்த யோசனைப்படி அந்த விதியைத் தளர்த்தி, வெளியாருக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். பெயரும் ஸ்பானிய மொழிக்கு மாறியது: கிளப் அத்லெடிகோ ரொசாரியோ சென்ட்ரல். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்து குவிந்துகொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். என் கணிப்பில், இன்றைக்கு நாம் பார்க்கும் சென்ட்ரல் பிறந்தது 1889இல் அல்ல, இந்த 1903இல்தான். வெறும் கம்பெனி கிளப்பாகவே இருந்திருந்தால் கம்பெனியோடு சேர்ந்து அதுவும் காணாமல் போயிருக்கும்.

அதே 1903ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி எதிரி பிறந்தான்.

நியூவெல்ஸின் மூலவர் ஐசக் நியூவெல். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து பதினாறு வயதில் ரொசாரியோவுக்கு வந்தவர். வந்ததும் வேலைக்குச் சேர்ந்தது எங்கே? அதே ரயில்வேயில், தந்தி அடிப்பவராக. பிறகு ஆசிரியராகி, 1884இல் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் பாடத்தோடு பந்தும் ஆடினார்கள். அவர் மகன் கிளாடியோவும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து கிளப்பை உருவாக்கி, ஆசான் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஓல்டு பாய்ஸ் என்றால் பழைய மாணவர்கள். ஊரார் வாயில் அது 'ஞூல்ஸ்' ஆகிவிட்டது. ஜெர்சியின் சிவப்பு இங்கிலாந்துக் கொடியிலிருந்து வந்தது. கறுப்பு, ஐசக்கின் மனைவி அன்னாவின் ஜெர்மன் வேரைக் குறிப்பது.

பள்ளியில் படித்த பிள்ளைகள் பட்டறைப் பிள்ளைகளைவிட ஓரளவு வசதியானவர்கள் என்பது உண்மைதான். கேள்வியில் இருந்த பாதி உண்மை இதுவே. ஆனால் ஓரிரு தலைமுறைக்குள் அந்தக் கோடு அழிந்துவிட்டது. இன்று ரொசாரியோவில் ஒரே தெருவில், ஒரே வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு. பெயர்பெற்ற பயிற்சியாளர் மார்செலோ பியெல்சாவின் அப்பா சென்ட்ரல் ரசிகர். மகன் ஞூல்ஸுக்காக ஆடி, ஞூல்ஸுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இப்போது அந்த மைதானத்துக்கே மகன் பெயர். வருமானத்தை வைத்து யார் எந்தக் கட்சி என்று அந்த ஊரில் யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு அணிகளும் முதன்முதலாக மோதியது 1905 ஜூன் 18. ஃபவுஸ்தினோ கொன்ஸாலெஸ் அடித்த ஒரே கோலில் நியூவெல்ஸ் ஜெயித்தது. அந்த ஆண்டுதான் ரொசாரியோவின் உள்ளூர் லீக்கும் தொடங்கியது. அடுத்த முப்பத்து நான்கு ஆண்டுகள் இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். புவெனஸ் அயர்ஸின் லீக் தனியாக நடந்தது. 1939இல்தான் இவ்விரண்டையும் தலைநகரத்து முதல் டிவிஷனில் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நீண்ட தனிமைதான் பகை இறுகியதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். போகாவுக்கும் ரிவருக்கும் நாடு முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்தால் பாதிப் பேர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அவரவர் ஊரில் இருப்பார்கள். ரொசாரியோவில் அப்படி இல்லை. பத்து லட்சம் பேர் வாழும் ஊர், ஏறக்குறைய எல்லாருமே இந்த இரண்டில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தோற்றால் திங்கட்கிழமை காலையில் ரொட்டிக் கடையில் எதிராளி முகத்தில் விழித்தாக வேண்டும்.

பட்டப்பெயர்கள் வந்த கதை இன்னும் விசேஷம். சென்ட்ரல்காரர்களை 'கனாஷா' என்பார்கள், கயவர்கள் என்று பொருள். ஞூல்ஸ்காரர்கள் 'லெப்ரோசோ', அதாவது தொழுநோயாளிகள். ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதைப்படி, 1920களில் கார்ராஸ்கோ மருத்துவமனையின் மாதர் குழு, தொழுநோயாளிகளுக்கு நிதி திரட்ட ஒரு நட்பு ஆட்டம் ஆடித் தரும்படி இரு கிளப்பையும் கேட்டது. ஞூல்ஸ் சம்மதித்தது, சென்ட்ரல் மறுத்தது. "நீங்கள் கயவர்கள்!" என்று இவர்கள் கத்த, "நீங்கள் தொழுநோயாளிகள்!" என்று அவர்கள் திருப்பிக் கத்த, இரண்டும் ஒட்டிக்கொண்டன. இரு தரப்பும் வசையையே விருதாக எடுத்து மாட்டிக்கொண்டது பிறகு நடந்தது. இன்று ஞூல்ஸ் ரசிகரிடம் நீங்கள் எந்த அணி என்று கேட்டால் 'லெப்ரா' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். நோயாளிகளுக்காக ஆடச் சம்மதித்ததால் வந்த பெயர் என்று நினைத்தால் அந்தப் பெருமை நியாயமாகத்தான் படுகிறது.

சரி, 1971க்கு வருவோம். இந்தப் பகையைப் பற்றி ஒரே ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் சொல்லும் நாள் டிசம்பர் 19, 1971. தேசியப் போட்டியின் அரையிறுதியில் சென்ட்ரலும் ஞூல்ஸும் எதிரெதிரே வந்தன. பொது இடம் வேண்டும் என்பதால் ஆட்டம் புவெனஸ் அயர்ஸில், ரிவர் பிளேட்டின் மொனுமென்டல் மைதானத்தில். ரொசாரியோவே கிளம்பி 300 கிலோமீட்டர் போனது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து சென்ட்ரலின் ஹோர்ஹே கொன்ஸாலெஸ் பந்தைத் தூக்கிப் போட்டார். பந்து ஆளின் உயரத்துக்குக் கீழே, இடுப்பளவில் இறங்கி வந்தது. காலால் அடிக்க எட்டாது, நின்று தலையால் முட்டவும் முடியாது. ஆல்தோ பெத்ரோ போய் என்ற சென்ட்ரல் வீரர் உடம்பைத் தரைக்கு இணையாகப் பறக்கவிட்டு நெற்றியால் முட்டினார். கோல்கீப்பர் ஃபெனோய்க்குப் பந்து எட்டவில்லை. 1–0. ஆட்டமும் அப்படியே முடிந்தது.

அந்தப் பாய்ச்சலுக்கு 'பலோமிதா' என்று பெயர், குட்டிப் புறா. அந்தக் கோலை இன்று வரை வருடாவருடம் கொண்டாடுகிறார்கள். டிசம்பர் 19 வந்தால் சென்ட்ரல் ரசிகர்கள் கூடுவார்கள், ஒருவர் பந்தைப் போடுவார், தலை நரைத்த பிறகும் ஆல்தோ போய் பாய்ந்து முட்டுவார், சுற்றி நிற்பவர்கள் அப்போதுதான் கோல் விழுந்ததுபோல் கட்டிப்பிடித்துக் கத்துவார்கள். உலகக் கோப்பைக் கோல்களுக்குக்கூட இப்படி ஒரு திருவிழா கிடையாது. இத்தனைக்கும் அது ஓர் அரையிறுதிக் கோல்தான்.

இறுதியாட்டம் மூன்று நாள் கழித்து. ஆஞ்செல் லப்ரூனாவின் பயிற்சியில் சென்ட்ரல் 2–1 என்று சான் லொரென்ஸோவை வென்றது. தலைநகரத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் தாண்டி ஒரு கிளப் தேசியப் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை. அந்த இறுதியாட்டம் நடந்த இடம்தான் இதில் முக்கியம்: ரொசாரியோவின் இன்டிபென்டென்ஸியா பூங்காவில் இருக்கும் ஞூல்ஸின் சொந்த மைதானம். அரையிறுதியில் தோற்று மூன்றே நாளில், அவர்கள் வீட்டிலேயே எதிராளி பட்டம் சூடினான்.

பங்காளி கணக்குத் தீர்க்க அதிக நாள் ஆகவில்லை. 1974 ஜூன் 2, முதல் டிவிஷனின் மெட்ரோபொலிதானோ பட்டப் போட்டியின் கடைசிக் கட்டம். நான்கு அணிகள் சுற்றில், சென்ட்ரலின் அர்ரொயிதோ மைதானத்தில் டிரா செய்தாலே ஞூல்ஸுக்கு முதல் பட்டம். சென்ட்ரல் 2–0 என்று முன்னே போய்விட்டது. கபுர்ரோ ஒரு கோலைத் திருப்பினார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில் மாரியோ ஸனாப்ரியா இடக்காலால் ஓங்கி அடித்தது வலைக்குள் போனது. 2–2. அப்புறம் ஆட்டத்தை முழுதாக முடிக்கக்கூட முடியவில்லை, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். சென்ட்ரலின் முதல் பட்டம் ஞூல்ஸ் மண்ணில், ஞூல்ஸின் முதல் பட்டம் சென்ட்ரல் மண்ணில். இப்படி ஒரு ஜோடியை உலகக் கால்பந்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

அந்த 1974இலேயே இன்னொன்றும் நடந்தது. உலகக் கோப்பைக்குப் புறப்படவிருந்த அர்ஜென்டினா தேசிய அணி, ஏப்ரல் 17 அன்று ரொசாரியோவில் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியது. எதிரே ரொசாரியோ கூட்டணி: சென்ட்ரலிலிருந்து ஐந்து பேர், ஞூல்ஸிலிருந்து ஐந்து பேர், பதினோராவது ஆள் ஊரின் மூன்றாவது கிளப்பான சென்ட்ரல் கோர்தொபாவிலிருந்து. அவர்தான் 'த்ரின்சே' கார்லோவிச். கூட்டணி 3–1 என்று ஜெயித்தது. தேசிய அணியின் பயிற்சியாளரே, அந்த ஆளை வெளியே எடுங்கள் என்று கேட்டதாக ஊரில் சொல்வார்கள்.

சென்ட்ரல் கோர்தொபாவை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. 1906இல் இன்னொரு ரயில்வேயின் ஆட்கள் தொடங்கிய கிளப் அது. தெற்கே தப்லாதா பகுதியில் சின்ன மைதானம். அந்த மைதானத்துக்குப் பெயர் கபினோ ஸோஸா. 1921இல் அர்ஜென்டினா முதன்முதலாகத் தென் அமெரிக்கக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தவர். தொழில்முறை ஆட்டம் வந்ததும் ஒப்பந்தத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, மகளுக்கு ஒரு பொம்மை போதும் என்றாராம். கார்லோவிச் பெரிய கிளப்புகளில் நிலைக்கவே இல்லை. ஆனால் ரொசாரியோவில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் மரடோனாவுக்குச் சமமாக வைத்துப் பேசுவார்கள். 2020 மே மாதம், சைக்கிளைப் பறிக்க வந்தவன் தாக்கியதில் இறந்துபோனார். அன்று சென்ட்ரல், ஞூல்ஸ் என்ற பேதமில்லாமல் ஊரே அழுதது.

அதன் பிறகான ஆண்டுகளை வேகமாகச் சொல்கிறேன். 1986–87இல், இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்த கையோடு சென்ட்ரல் லீக் சாம்பியன் ஆனது. ஒரே ஒரு புள்ளி பின்தங்கி இரண்டாம் இடம் பிடித்தது வேறு யாரும் இல்லை, ஞூல்ஸ்தான். அடுத்த சீசனிலேயே ஞூல்ஸ் சாம்பியன், அதுவும் முழுக்கத் தங்கள் பயிற்சிப் பள்ளியில் வளர்த்த பிள்ளைகளை வைத்து. பிறகு பியெல்சா காலம். 1992இல், தென் அமெரிக்கக் கிளப்புகளின் மிகப் பெரிய போட்டியான கோபா லிபெர்தடோரெஸின் இறுதி வரை வந்து, பிரேசிலின் சாவ் பாவ்லோவிடம் பெனால்ட்டியில் தோற்றார்கள். அந்த இறுதியின் ரொசாரியோ ஆட்டத்தை அவர்கள் ஆடியது எங்கே தெரியுமா? கூட்டம் கொள்ளாது என்பதால் சென்ட்ரலின் அர்ரொயிதோவில். 1995இல் சென்ட்ரலுக்குக் கான்மெபோல் கோப்பை, அதுவும் தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான போட்டிதான்: பிரேசிலில் அத்லெடிகோ மினெய்ரோவிடம் 4–0 என்று தோற்றுவிட்டு, ஊருக்கு வந்து அதே 4–0 என்று திருப்பி, பெனால்ட்டியில் வென்றார்கள். தேதி மறுபடியும் டிசம்பர் 19. 1997இல் சென்ட்ரல் 4–0 என்று முன்னணியில் இருந்தபோது, சிவப்பு அட்டையும் காயமுமாக ஞூல்ஸ் அணியில் போதிய ஆள் இல்லாமல் ஆட்டமே பாதியில் நின்றது. ஞூல்ஸ் வேண்டுமென்றே ஓடிவிட்டது என்று சென்ட்ரல்காரர்கள் இன்றும் அடித்துச் சொல்வார்கள்.

இந்தப் பகையின் இருண்ட பக்கத்தையும் மூடி மறைக்கக் கூடாது. ரொசாரியோ துறைமுகம் போதைப்பொருள் கடத்தலுக்கும் வழியானதால், ஊரின் கொலை விகிதம் நாட்டின் சராசரியைவிடப் பல மடங்கு ஏறியது. இரு கிளப்பின் அடாவடி ரசிகர் கும்பல்களான 'பார்ரா பிராவா'க்களும் அந்தக் கும்பல்களோடு பின்னிக்கொண்டன. 2010இல் ஞூல்ஸ் கும்பலின் முன்னாள் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2024 நவம்பரில், ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில் மைதானத்துக்கு அருகிலேயே சென்ட்ரல் கும்பலின் தலைவர் கொல்லப்பட்டார். இதையெல்லாம் 'ஆவேசம்' என்று புகழ்ந்து எழுதுபவர்களைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். திட்டும் பாட்டும் கேலியும் பகையின் அழகு. கொலைக்கும் கால்பந்துக்கும் சம்பந்தமே இல்லை. 2013இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அர்ஜென்டினா லீக் ஆட்டங்களுக்கு எதிரணி ரசிகர்களை விடவில்லை. ஆகவே இன்றைய இளைஞர்கள் இரு நிறமும் ஒன்றாக நிரம்பிய கேலரியைப் பார்க்காமலேயே வளர்ந்தவர்கள்.

மெஸ்ஸி எந்தப் பக்கம் என்று கேட்காமல் யாரும் விட மாட்டார்கள். ஞூல்ஸ். ரொசாரியோவில் பிறந்து, பார்சிலோனா போகும் வரை அங்கேதான் வளர்ந்தார். 1993இல் மரடோனா சில ஆட்டங்களுக்கு ஞூல்ஸ் ஜெர்சி போட்டிருந்தார். 2020இல் மரடோனா இறந்த வாரம் கோல் அடித்ததும் மெஸ்ஸி தன் ஜெர்சியைக் கழற்றிக் காட்டியது உள்ளே போட்டிருந்த அந்த 10ஆம் எண் ஜெர்சியைத்தான். அதே ஊரின் ஆஞ்செல் தி மரியா சென்ட்ரல். அப்பா கரி வியாபாரம் பார்க்க, அம்மா சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டுபோய்ப் பயிற்சிக்கு விட்ட பிள்ளை. 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவின் மூன்று கோல்களையும் அடித்தது இந்த இருவர்தான். அன்றைய பயிற்சியாளர் ஸ்கலோனி ஞூல்ஸில் தொடங்கியவர். 1978இல் முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர் மெனொத்தி சென்ட்ரலில் தொடங்கியவர். அந்த இறுதியில் இரண்டு கோல் அடித்த கெம்பெஸ் முன்னாள் சென்ட்ரல் வீரர். சே குவேரா பிறந்ததும் இதே ஊரில்தான், அவரும் தன்னைச் சென்ட்ரல் ரசிகர் என்று சொல்லிக்கொண்டவர்.

தி மரியா 2024இல் ஊர் திரும்ப நினைத்தபோது குடும்பத்துக்கு மிரட்டல் வந்தது, அப்போது பின்வாங்கினார். 2025இல் வந்தே விட்டார். ஆகஸ்டில் அர்ரொயிதோவில் ஞூல்ஸுக்கு எதிரான ஆட்டம், முடியும் தறுவாயில் 0–0. ஒரு ஃப்ரீ கிக். இடக்காலால் வளைத்து அடித்தார், 1–0.

யார் பெரியவர் என்ற கேள்விக்கு இரு தரப்பிடமும் பதில் தயாராக இருக்கிறது. நேருக்கு நேர் வெற்றிகளின் கணக்கில் சென்ட்ரல் முன்னே நிற்கிறது. தென் அமெரிக்கக் கண்டம் முழுவதற்குமான ஒரு கோப்பை வைத்திருப்பதும் அதுதான். 1974 முதல் 2013 வரை ஆறு லீக் பட்டங்கள் வென்ற ஞூல்ஸ், லிபெர்தடோரெஸ் இறுதிக்கும் இரண்டு முறை போயிருக்கிறது. நீங்கள் முதலில் யாரிடம் கேட்கிறீர்களோ அவர் தன் பட்டியலை மட்டும்தான் வாசிப்பார்.